கிணறும் செப்டிக் டேங்கும் உள்ள வீட்டுக்கு நம்பகமான பிளம்பர்: எதைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது?

வாய்க்கால்:
வீடு ஊருக்கு வெளியே. பொதுக் குழாயும் பாதாளச் சாக்கடையும் கிடையாது. ஆழ்துளைக் கிணறு, நீர்மூழ்கி மோட்டார், 100 லிட்டர் பிரஷர் டேங்க், இரண்டு அறை செப்டிக் டேங்க், அதற்குப் பின்னால் உறிஞ்சு குழி. இப்போது இரண்டு தொல்லை. யாரும் குழாயைத் திறக்காதபோதும் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை மோட்டார் தானாக ஓடி, 20 நொடியில் நின்றுவிடுகிறது. மழை பெய்தால் கழிவறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, குளியலறை ட்ராப்பில் (நாற்றத்தைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வளைவு) குமிழ் வருகிறது.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார், ஒருவர் டேங்கைக் காலி செய்தால் போதும் என்கிறார், மூன்றாமவர் புதுக் குழி தோண்டச் சொல்கிறார். மூவருமே டேங்க் மூடியைத் திறக்கவில்லை, எந்த மீட்டரையும் வைத்துப் பார்க்கவில்லை. நம்பி வேலை கொடுக்கக்கூடிய ஆளை எப்படி அடையாளம் காண்பது?

மட்டக்கோல்:
மீட்டர் வைக்கவில்லை என்று எழுதினீர்களே, அதுதான் அடையாளம். அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொல்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள். இந்த மாதிரி வீட்டில் தண்ணீர் கிணற்றில் கிளம்பி மண்ணுக்குள் போய்ச் சேரும்வரை ஒரே ஓட்டம். ஒரு முனையில் உள்ள பழுது மறு முனையில் தலைகாட்டும். அதனால் உங்கள் இரண்டு தொல்லையையும் தனித்தனி என்று முடிவு கட்டாதீர்கள்.

முதல் சோதனைக்கு ஆளே தேவையில்லை. பிரஷர் டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் லைனில் ஒரு வால்வ் இருக்கும். மோட்டார் ஓடி நின்றவுடன் அதை இறுக்கி மூடுங்கள். அழுத்தம் காட்டும் கேஜ் டேங்க் பக்கம் இருக்க வேண்டும். அரை மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள்.

முள் இறங்கினால் கசிவு கிணற்றுப் பக்கம்: நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வ், கிணற்றுக்குள் தொங்கும் பைப், அல்லது கிணற்றுக்கும் டேங்குக்கும் இடையில் புதைத்த பைப். முள் அசையாமல் நின்றால் கசிவு வீட்டுக்குள். பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்கின் அடி ரப்பர்தான். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சாயம் கலக்கி, 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் ரப்பர் உட்காரவில்லை. எல்லாக் கழிவறையிலும் செய்து பாருங்கள், ஒன்றோடு நிறுத்த வேண்டாம்.

ஊற்றுக்கண்:
20 நொடி ஓடி நிற்பதும் ஒரு தகவல். பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால் 20 நொடிக்கு 10 லிட்டர். 100 லிட்டர் டேங்க் 30 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தின் அலகு) ஆன், 50 பிஎஸ்ஐயில் ஆஃப் என்று செட் செய்யப்பட்டு, தண்ணீர் இல்லாதபோது டேங்கின் காற்றழுத்தம் 28 பிஎஸ்ஐ இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 லிட்டர் கிடைக்க வேண்டும், அதாவது ஒரு நிமிட ஓட்டம். உங்களுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. டேங்கில் காற்று போயிருக்க வேண்டும்.

டேங்கின் தலையில் சைக்கிள் ட்யூபுக்கு இருப்பது போல ஒரு வால்வ் இருக்கும். மூடியைக் கழற்றி நடு ஊசியை ஒரு நொடி அழுத்துங்கள். தண்ணீர் பீச்சினால் உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது, பையையோ டேங்கையோ மாற்ற வேண்டும். தண்ணீர் வராவிட்டால் பை நன்றாக இருக்கிறது, காற்று மட்டும் குறைந்திருக்கிறது. அந்த நிலையில் யாராவது டேங்கை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மோட்டார் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்தச் சூடு ஆற, மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட வேண்டும். 20 நொடியில் நின்று, ஒரு நாளைக்கு 72 தடவை கிளம்பினால் வைண்டிங் (மோட்டாருக்குள் உள்ள கம்பிச் சுருள்) சீக்கிரம் போய்விடும். இதைச் சரிசெய்யாமல் புது மோட்டார் இறக்கினால் அதுவும் இதே வழியில் போகும்.

உறிஞ்சுகுழி:
செப்டிக் பக்கத்தை நான் எழுதுகிறேன். எச்சரிக்கை முதலில். டேங்குக்குள் யாரும் இறங்கக் கூடாது, தலையை உள்ளே நீட்டிப் பார்க்கவும் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், அழுகிய முட்டை நாற்றமே தெரியாது. "நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்று நினைத்தவர்கள் உள்ளேயே விழுந்திருக்கிறார்கள், தூக்கப் போனவர்களும் சேர்ந்து. மீத்தேனும் இருக்கும் என்பதால் பக்கத்தில் நெருப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. மூடியைத் திறந்து காற்றாட விட்டு, இன்னொருவர் அருகில் நிற்க, நின்ற வாக்கிலேயே நீளக் கம்பால் அளக்க வேண்டும். ஆளை இறக்கிச் சுத்தம் செய்கிறேன் என்பவரை அந்த வார்த்தையோடு அனுப்பிவிடுங்கள்.

பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டம். வெளியேறும் பைப்பின் அடிவிளிம்புக்குச் சரியாக மட்டம் இருந்தால் டேங்கும் குழியும் ஒழுங்கு. வீட்டுக்கும் டேங்குக்கும் இடையில் அடைப்பு இருக்கலாம். அந்த விளிம்புக்கு மேலே இருந்தால் டேங்குக்குப் பிறகு தடை: வெளிப் பைப் அடைத்திருக்கும், அல்லது உறிஞ்சு குழி நிரம்பியிருக்கும். விளிம்புக்குக் கீழே இருந்தால் டேங்கில் வெடிப்பு, கழிவு நீர் மண்ணுக்குள் போகிறது. கிணறு உள்ள வீட்டில் மூன்றிலும் மோசமானது இதுதான். தண்ணீர் குறைவாகத்தானே இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

காலி செய்யும் நேரம் வந்துவிட்டதா என்பதையும் அதே கம்பு சொல்லும். கம்பின் கீழ்ப் பாதியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் வைத்து எடுங்கள். கருப்பாகக் கறைபட்ட உயரம் அடிக்கசடு. மேலே மிதக்கும் ஏட்டின் கனத்தையும் சேர்த்து, மொத்த நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் காலி செய்ய வேண்டும். 150 செ.மீ. ஆழம் என்றால் 50 செ.மீ. இது முதல் அறைக்கான கணக்கு.

மட்டக்கோல்:
திறக்கும்போது உள்ளே நுழையும் பைப்பிலும் வெளியேறும் பைப்பிலும் டீ (T வடிவ இணைப்பு, அதன் கால் நீருக்குள் இறங்கும்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளியேறும் டீயின் கால் நீருக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். அது உடைந்து விழுந்திருந்தால் ஏடும் எண்ணெயும் நேரே குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். பிறகு எத்தனை தடவை டேங்கைக் காலி செய்தாலும் குழி குடிக்காது. டீ சிறிய பாகம்தான், வேலையும் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் காலி செய்ய வருபவர்கள் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை.

வாட்டமும் அளக்க வேண்டியது. 110 மி.மீ. பைப்புக்கு 10 மீட்டருக்கு 12 முதல் 25 செ.மீ. இறக்கம் போதும். குறைந்தால் கழிவு தங்கும். நடுவில் பைப் தொய்ந்திருந்தால் இன்னும் மோசம், அந்தப் பள்ளத்தில் எப்போதும் தேங்கி நிற்கும். புதைக்கும்போது அடி மண்ணைக் கெட்டிக்காமல் போட்டதால் வரும் கோளாறு இது. வென்ட் பைப் (கழிவுக் குழாயின் காற்றுப் போக்கி) அடைத்திருந்தாலும் ட்ராப்பில் குமிழ் வரும். ஆனால் மழையில் மட்டும் வருகிறது என்றால் வென்ட்டைவிடக் குழியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

மின்னோட்டம்:
மோட்டாரை மாற்றச் சொன்னவரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள். கிளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளப்பது) ஓடும்போது எத்தனை ஆம்ப்? மோட்டார் பிளேட்டில் எத்தனை ஆம்ப்? பிளேட்டில் இருப்பதைவிட நன்றாகக் குறைந்தால் பம்ப் தண்ணீர் இல்லாமல் காற்று இழுக்கிறது, அல்லது மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கிறது. கூடினால் மணல் சிக்கியிருக்கும், மின்னழுத்தம் குறைவாக இருக்கும், அல்லது வைண்டிங் கெட்டிருக்கும்.

அடுத்தது மெக்கர், மின் காப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவி. மெயினை அணைத்து, பேனலில் மோட்டார் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். அரை மெகா ஓமுக்குக் கீழே போனால் கேபிள் ஜாயின்ட்டோ வைண்டிங்கோ ஈரம் வாங்கிவிட்டது. அப்போதுதான் மோட்டாரை மேலே தூக்கக் காரணம் இருக்கிறது. மோட்டார் உறுமிவிட்டு ட்ரிப் ஆகிறது என்றால் பேனலில் உள்ள கெபாசிட்டரை முதலில் மாற்றிப் பார்க்கலாம். கிணற்றைத் தொடவே வேண்டியதில்லை.

துளிநீர்:
கேஜ் முள் இறங்கினால் டேங்குக்கு முன்னால் மேலேயே இன்னொரு நான்-ரிட்டர்ன் வால்வ் போட்டால் போதுமே? மோட்டாரை வெளியே எடுக்கும் செலவு மிச்சம்.

ஊற்றுக்கண்:
வேண்டாம். பலர் செய்கிறார்கள், ஆனாலும் தவறு. கீழ் வால்வ் கசிந்தால் பைப்பில் உள்ள நீர் கிணற்றுக்குள் இறங்கும். மேலே இன்னொரு வால்வ் பூட்டிவிட்டால், இறங்கும் நீர் விட்டுச்செல்லும் இடத்தில் வெற்றிடம் உண்டாகும். புதைத்த பைப்பில் எங்காவது ஊசித்துளை இருந்தால் மண்ணில் உள்ள அழுக்குத் தண்ணீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே மண்ணில் செப்டிக் குழியும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மோட்டார் மறுபடி ஓடும்போது அந்த வெற்றிடத்தில் தண்ணீர் மோதி, டம் என்று அடிக்கும் சத்தம் வேறு. கேஜும் அசையாமல் நிற்கும் என்பதால் கசிவு இருப்பதே தெரியாமல் போகும். பம்ப்பின் தலையிலேயே நல்ல வால்வ் இருக்க வேண்டும், கெட்டால் அதைத்தான் மாற்ற வேண்டும்.

மோட்டாரை எப்போது மேலே எடுத்தாலும் எழுதி வாங்க வேண்டியவை: கிணற்றின் மொத்த ஆழம், கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் குழாய்) எதுவரை, ஓடாதபோது நீர்மட்டம், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு நீர்மட்டம், மோட்டார் தொங்கும் ஆழம், குதிரைத் திறன், கேபிளின் கனம், பைப்பின் வகை. இதைத் தானாகவே எழுதித் தருபவர் நல்ல ஆள். குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த பழுதில் எல்லாமே முதலிலிருந்து. ஊறும் அளவைவிடப் பெரிய மோட்டார் போடச் சொன்னால் ஓடும்போது உள்ள நீர்மட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிணறு நிமிடத்துக்கு 25 லிட்டர் ஊறும்போது 50 லிட்டர் இழுக்கும் பம்ப் போட்டால் தண்ணீர் கூடாது, மோட்டார் காயும்.

துளிநீர்:
சரி, புரிந்தது. மோட்டாரை எடுத்துத் திருப்பி இறக்கினால் கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும் என்கிறார்களே, எவ்வளவு?

ஊற்றுக்கண்:
கட்டாயம் போட வேண்டும். பைப்பும் கயிறும் தரையில் கிடந்துவிட்டுத்தான் உள்ளே போகின்றன. கணக்கு எளிது. 15 செ.மீ. விட்டமுள்ள கேசிங்கில் 30 மீட்டர் தண்ணீர் நின்றால் 530 லிட்டர். லிட்டருக்கு 100 மி.கி. என்றால் 53 கிராம் குளோரின் வேண்டும். 30 சதவீதம் பலமுள்ள பிளீச்சிங் பவுடரில் அது சுமார் 180 கிராம். பழைய பவுடருக்குப் பலம் குறைந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, கரையாத கசடு அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும்.

3 மீட்டர் விட்டமுள்ள திறந்த கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் இருந்தால் 28,000 லிட்டருக்கு மேல். அதற்கு லிட்டருக்கு 50 மி.கி. கணக்கில் அதே பவுடர் 4.7 கிலோ ஆகும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் தனித்தனியாகச் சொன்னேன்.

ஊற்றிய பிறகு ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரமாவது அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கார்பன் ஃபில்டர் இருந்தால் பைபாஸ் செய்யுங்கள். அமிலமோ அம்மோனியா கலந்த கிளீனரோ பக்கத்தில் வரக் கூடாது, விஷ வாயு வரும். வெளியேற்றும்போது தோட்டக் குழாய் வழியாகத் திறந்த தரையில் விடுங்கள், செடிக்கும் குளத்துக்கும் போகாமல். வீட்டுக் குழாய்களில் மீந்ததை மட்டும் கடைசியில் உள்ளே திறந்துவிடலாம். அத்தனை நீரையும் சிங்க்கில் விட்டால் செப்டிக் டேங்கின் பாக்டீரியா சாகும், குழியும் நிரம்பும். ஒரு வாரம் கழித்துத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். 100 மி.லி.யில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட்டையும் சேர்த்துப் பாருங்கள், லிட்டருக்கு 50 மி.கி. என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இரண்டும் கூடியிருந்தால் செப்டிக் நீர் கிணற்றுக்கு வழி கண்டுபிடித்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும்.

உறிஞ்சுகுழி:
தூரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். கிணற்றிலிருந்து உறிஞ்சு குழி 30 மீட்டராவது தள்ளி, குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. உங்கள் பகுதி விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதுதான் செல்லும். வெடிப்புப் பாறை உள்ள நிலத்தில் 30 மீட்டரும் போதாது, பாறை இடுக்கில் தண்ணீர் வடிகட்டப்படாமலே ஓடும். கிணறு மேட்டிலும் குழி பள்ளத்திலும் இருக்கிறதா என்று வந்தவுடன் சுற்றிப் பார்ப்பவர், கேசிங் தரைக்கு மேலே 30 செ.மீ. நீட்டிக்கொண்டு மூடியோடு இருக்கிறதா என்று பார்ப்பவர் — அவரை விட்டுவிடாதீர்கள்.

பாக்டீரியா பொடி, ஈஸ்ட் என்று விற்பவை தேவையில்லை. தினமும் போகும் கழிவிலேயே வேண்டிய பாக்டீரியா இருக்கிறது. அமிலம் ஊற்றி அடைப்பு எடுப்பவர்களையும் தவிருங்கள். காலி செய்த பிறகு டேங்கை வெறுமையாக விடாதீர்கள், குறிப்பாகப் பிளாஸ்டிக் டேங்க் என்றால். மழைக்காலத்தில் சுற்றியுள்ள நீர் அதை மேலே தூக்கி பைப்பை உடைத்துவிடும். உடனே தண்ணீர் நிரப்புங்கள்.

வாய்க்கால்:
அளந்தாயிற்று. வால்வை மூடி அரை மணி நேரம் பார்த்தேன், முள் அசையவில்லை. சாயம் ஒரு கழிவறையில் 10 நிமிடத்திலேயே கோப்பைக்கு வந்துவிட்டது. பிரஷர் டேங்க் ஊசியை அழுத்தினால் தண்ணீர் வரவில்லை. மோட்டாரை அணைத்து நீரை வடித்த பிறகு அளந்தால் காற்றும் இல்லை, 0 காட்டுகிறது. செப்டிக் டேங்கில் ஆழம் 150 செ.மீ., அடிக்கசடு 30, ஏடு 5. தண்ணீர் மட்டம் வெளியேறும் பைப்பின் அடிவிளிம்புக்கு 8 செ.மீ. மேலே. டீ இரண்டும் இருக்கின்றன. வீட்டில் 5 பேர்.

ஊற்றுக்கண்:
காற்று 0 என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 லிட்டர்தான் கிடைக்கும். நீங்கள் சொன்ன 20 நொடியோடு பொருந்துகிறது. 20 நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஒழுகுகிறது, ஒரு நாளைக்கு 720 லிட்டர். மோட்டார் மேல் குற்றம் இல்லை.

உறிஞ்சுகுழி:
அந்த 720 லிட்டரும் உங்கள் குழிக்குத்தான் போகிறது. ஆளுக்கு 120 லிட்டர் வைத்தாலும் 5 பேருக்கு 600. குழி இரண்டு மடங்குக்கும் மேலே, 1,320 லிட்டர் குடிக்க வேண்டியிருக்கிறது. வண்டல் கலந்த மணல் மண் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 லிட்டர் கழிவு நீரை வாங்கும். 600 லிட்டருக்கு 24 சதுர மீட்டர் போதும், 1,320க்கு 53 வேண்டும். வறண்ட நாளில் சமாளித்துவிடுகிறது, மழையில் சுற்றி மண் நனைந்தவுடன் திணறி டேங்குக்குத் திருப்பித் தள்ளுகிறது. கசடும் ஏடும் சேர்த்து 35 செ.மீ., 50ஐத் தொடவில்லை. காலி செய்யவும் வேண்டாம், புதுக் குழியும் இப்போது வேண்டாம். ஒழுகலை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் மட்டத்தை எழுதி வாருங்கள். விளிம்புக்கு இறங்கிவிட்டால் குழி உயிரோடு இருக்கிறது. மழையில்லாமலும் இறங்காவிட்டால் டேங்குக்கும் குழிக்கும் இடைப்பட்ட பைப்பில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே குழியைப் பற்றிப் பேச வேண்டும். கூரைத் தண்ணீர் குழிப்பக்கம் வடிகிறதா என்பதையும் பாருங்கள்.

மட்டக்கோல்:
இப்போது ஆளைக் கூப்பிடலாம். மூன்று பேரையும் திரும்ப அழைக்க வேண்டியதில்லை. இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் காட்டி, என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஃப்ளஷ் ரப்பரையும் காற்றையும் முதலில் சொல்பவரிடம் கொடுங்கள். பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனி மதிப்பீடு, கழற்றிய பழைய பாகம் உங்கள் கையில், செப்டிக் மூடி இருக்கும் இடத்துக்கு வீட்டு மூலையிலிருந்து அளந்த ஒரு வரைபடம் — இவற்றைக் கேட்டால் தயங்குகிறாரா என்றும் பாருங்கள்.

ரப்பரை வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய் விட்டம் ஒப்பிடுங்கள். மாட்டும் முன் அது உட்காரும் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். உப்புப் படிந்து சொரசொரப்பாக இருந்தால் புது ரப்பரும் ஒழுகும், மெல்லிய தேய்ப்புத் துணியால் வழவழப்பாகும்வரை தேய்க்க வேண்டும். சங்கிலி நீளமாக இருந்தால் ரப்பருக்கு அடியில் சிக்கும், குட்டையாக இருந்தால் ரப்பரை லேசாகத் தூக்கியே வைத்திருக்கும். ஒரு செ.மீ. தொய்வு போதும்.

வாய்க்கால்:
நன்றி. காற்றை நானே அடிக்கலாமா, கம்ப்ரஸர் வேண்டுமா?

ஊற்றுக்கண்:
சைக்கிள் பம்ப்பே போதும், நேரம்தான் பிடிக்கும். மோட்டார் மெயினை அணைத்து, டேங்குக்கு அடியில் உள்ள வடிகால் குழாயைத் திறந்து தண்ணீர் முழுக்க வடியட்டும். அந்தக் குழாயைத் திறந்தபடியே வைத்துக் காற்றடியுங்கள். மூடிவிட்டு அடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் நீர் கேஜை ஏமாற்றும். ஆன் ஆகும் அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக, உங்களுக்கு 28இல் நிறுத்துங்கள். ஊசி வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் காற்று போன வழி அதுதான், உள் ஊசியை மட்டும் மாற்றினால் சரியாகும். வடிகாலை மூடி மோட்டாரைப் போட்டு, ஒரு குழாயைத் திறந்து வைத்து, ஆன் ஆனதும் குழாயை மூடிவிட்டு ஆஃப் ஆகும்வரை நேரம் எடுங்கள். ஒரு நிமிடம் வர வேண்டும்.